ஒரு முனை மட்டும்

கவசக் கம்பியை ஒரு முனையில் மட்டும் தரையோடு கட்டு.
இரண்டு முனையும் கட்டினால் ரீங்காரம்.
தியோபிலஸுக்கு இதை மூன்று தடவை சொல்லியாயிற்று.
அவருடைய வரைபடத்தில் தரை என்பது மூன்று கோடு,
கீழே போகப் போகக் குட்டை.
"மேல போற சாமானுக்கு ஏது தரை?"
சிரிக்கிறார். எனக்கு ஈயம் ஆறுகிறது.

அப்புத்தளையில் மூடிக் கிடக்கும் தொழிற்சாலை.
கொழுந்தை உருட்டிய மெஷின்கள் போய்
ஆணித்துளைகள் மட்டும் மிஞ்சிய சிமெந்துக் கூடம்.
நடுவில் இரண்டு ஆசனத்தோடு அது நிற்கிறது.
இறக்கைகள் இன்னும் பூட்டவில்லை,
சுவரோரம் பெட்ஷீட் போர்த்திச் சாய்த்திருக்கிறது.
அனுமதிக் கடிதம் கொழும்பில் எந்த மேசையிலோ.

நான் பண்டாரவளை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே
மேல்மாடியில் போன் திருத்துகிறவள்.
எட்டு வருஷமாகச் சார்ஜர் ஓட்டைக்குள்தான் என் உலகம்.
மைக் மாற்ற வந்தவர் என் பற்றவைப்பைக்
கண்ணாடி போட்டுப் பார்த்தார், கழற்றிப் பார்த்தார்,
"இதவிடக் கொஞ்சம் பெரிய வேலை ஒன்னு இருக்கு" என்றார்.

பெரியது என்று ஒன்றுமில்லை.
பேசுவதற்கு ஒரு துளை, கேட்பதற்கு ஒரு துளை.
பேசுகிற துளை ஒரு நூல் ஒல்லி.
இருட்டில், பதற்றத்தில், மாற்றிச் செருகிவிடாதபடி
யாரோ எங்கோ யோசித்திருக்கிறார்கள்.
அந்த ஆள்மீது எனக்கு மரியாதை.

முதல் தடவை எஞ்சினை எழுப்பியபோது
காதுக்குள் ஒரு சீட்டி.
வேகம் ஏற ஏற அதுவும் ஏறியது,
குறைக்கக் குறைக்க இறங்கியது,
கூடவே வருகிற நாய் மாதிரி.
தியோபிலஸ் என்னைப் பார்க்கவில்லை.
பார்க்காமல் இருந்ததே போதுமாயிருந்தது.

இரண்டு நாள் தேடினேன்.
ஆல்டர்னேட்டரைச் சந்தேகித்தேன், ரேடியோவை,
துபாயிலிருந்து அதை அனுப்பிய அவர் மச்சானை.
கடைசியில் என் கைதான்.
மைக் துளையின் கழுத்து அலுமினியத் தகட்டைத்
தொட்டும் தொடாமலும் தொட்டிருந்தது.
இரண்டாவது தரை. நானே கொடுத்தது.

நடுவில் வைக்க வாஷர் ஊரில் இல்லை.
பதுளை ஆஸ்பத்திரியில் எடுத்த
தன் தோள்பட்டை எக்ஸ்ரேயைக் கொண்டுவந்தார்.
கத்தரித்தேன், நாலு வட்டம்.
ஒன்றில் மட்டும் எலும்பின் வெள்ளை,
பிறை மாதிரி.
அதை வலப்பக்க ஆசனத்துக்கு வைத்தேன்,
காரணம் இல்லை.

சீட்டி நின்றது.
நின்றதும் மழை பிடித்தது.

தகரக் கூரையில் அப்புத்தளை மழை
பேச்சு என்பதையே ரத்து செய்துவிடும்.
அவர் வாய் அசைகிறது, என் வாய் அசைகிறது.
காதைக் காட்டினார்.
ஏறி உட்கார்ந்து மாட்டிக்கொண்டோம்.
மழை எங்கோ கீழே போனது.
ஒரு முழம் தள்ளியிருந்த மனிதர்
மண்டைக்குள் வந்து மூச்சு விட்டார்.
"ஒன்னு, ரெண்டு, மூனு. கேக்குதா?"
"கேக்குது."
என் குரலும் எனக்குக் கேட்டது,
யாரோ பரவாயில்லாத பெண் பேசுவதுபோல.

கொஞ்ச நேரம் வோல்டேஜ் பேசினோம்.
பிறகு, முன்னால் இருந்த சுவரைப் பார்த்தபடி கேட்டார்:
"வலது பக்கத்துக்கு அறுபது கிலோதான் கணக்கு.
வீட்ல யாரும் ஏற மாட்டேங்குறாங்க.
இத்தனை கம்பியும் நீங்க போட்டது.
முதல்ல நான் தனியா. ரெண்டாவது தடவ
நீங்க வர்றீங்களா?"

இந்தப் பெட்டியில் ஒரு திருகு உண்டு.
குறிப்பிட்ட அளவுக்கு மேல் சத்தம் வந்தால்தான்
கதவைத் திறக்கும்.
மழை நுழையாதிருக்க
அதைக் காலையில் நான்தான் முறுக்கி வைத்தேன்.

சொன்னேன்.
சொன்னது எனக்கே கேட்கவில்லை.

அவர் சுவரையே பார்த்திருந்தார்.
பிறகு மெதுவாக மாட்டியதைக் கழற்றி
கொக்கியில் தொங்கவிட்டார்.
மழை முழுதாகத் திரும்பி வந்தது.

நாளைக்கு அந்தத் திருகைக்
கால் சுற்றுக் குறைக்க வேண்டும்.